குதிகால் வலிக்குப் பெருவிரலையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குதிகால் வலி பற்றி உடல்நலப் பக்கங்களில் வரும் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போகின்றன: எலும்பு முள் வளர்ந்திருக்கும், மெத்தென்ற செருப்புப் போடுங்கள், வெந்நீரில் காலை வையுங்கள். ஆனால் அந்த முள் வலியே இல்லாத பலருடைய எக்ஸ்ரேயிலும் தெரிகிறது. காலையில் எழுந்து முதல் அடி வைத்ததும் சுருக்கென்று குத்துகிறதே, அந்த வலிக்குப் பார்க்க வேண்டிய இன்னோர் இடம் பாதத்தின் மறுமுனையில் இருக்கிறது: பெருவிரலின் அடிமூட்டு. அதையும் சேர்த்து எழுதுங்கள் என்று கேட்கவே இக்கடிதம்.

ஒரு பாதத்தில் 26 எலும்புகள். அவற்றில் 14 விரல்களில்தான். பெருவிரலுக்கு இரண்டு, மற்றவற்றுக்கு மும்மூன்று. குதிகால் எலும்பின் அடியில் தொடங்கும் பிளாண்டார் ஃபேசியா என்ற கெட்டியான நார்ப்பட்டை உள்ளங்கால் நெடுக ஓடி விரல்களின் அடியில் பற்றிக்கொள்கிறது. பாதத்தின் வளைவு வில் என்றால் இது நாண். நடக்கும்போது குதிகால் எழுகிறது, விரல்கள் மேல்நோக்கி மடங்குகின்றன, நாண் இறுகுகிறது, வளைவு உயர்கிறது. தளர்ந்திருந்த பாதம் அந்த நொடியில் விறைத்து உடலை முன்னே தள்ளுகிறது. இந்த இயக்கத்தை ஹிக்ஸ் என்ற ஆய்வாளர் 1954-இல் விளக்கினார். கண்ணாலேயே பார்க்கலாம்: இரு காலிலும் பாரம் சமமாக இருக்க நிற்பவரின் பெருவிரலை மட்டும் இன்னொருவர் தூக்கினால், உள்வளைவு மெல்ல எழும்பும். விரல் தூக்கவே வராமல் விறைத்திருந்தால் நடையில் பாரம் சிறுவிரல் பக்கம் சாயும்.

விலங்குகளோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். சிம்பன்சியின் கால் பெருவிரல் கிளையைப் பற்றுவதற்காக விலகி நிற்கிறது; நம்முடையது மற்ற விரல்களோடு வரிசையில் சேர்ந்துவிட்டது. நாயும் பூனையும் விரல்களை ஊன்றி நடக்கின்றன. குதிரை ஒவ்வொரு காலிலும் நடுவிரல் ஒன்றின் நுனியில் நிற்கிறது, குளம்பு அந்த விரலின் நகம். அதன் பின்னங்காலில் பின்புறம் துருத்திக்கொண்டிருப்பதை முழங்கால் என்று எழுதுவது தவறு. அதுதான் அதன் குதிகால். நாம் கரடியைப் போல உள்ளங்கால் முழுவதையும் பதித்து, குதிகால் எழுந்த கணத்தில் நாயைப் போல விரல்களுக்கு மாறுகிறோம். அந்த மாற்றத்தின் பாரம் பெரிதும் விழுவது பெருவிரல் மூட்டில்.

ஆகவே சிகிச்சையும் விரலிலிருந்துதான் தொடங்குகிறது. படுக்கையில் இருந்து இறங்குமுன், வலிக்கும் காலை மற்றத் தொடைமேல் போட்டு, விரல்களின் அடிப்பகுதியைப் பிடித்துக் கணுக்கால் பக்கமாக இழுத்து 10 விநாடி நிறுத்த வேண்டும். 10 தடவை, நாளுக்கு மூன்று வேளை. மறுகையால் உள்ளங்காலைத் தடவினால் நாண் விறைத்து நிற்பது தெரிய வேண்டும். விரல் நுனியை மட்டும் பிடித்து இழுப்பவர்களுக்கு அது விறைக்காது. பயனில்லை என்று பலர் விட்டுவிடுவது இதனால்தான்.

அடுத்தது வலுவூட்டல். படியின் விளிம்பில், சுருட்டிய துண்டை விரல்களுக்கு அடியில் வைத்து ஒற்றைக்காலில் நின்று, 3 விநாடியில் குதிகாலை உயர்த்தி, 2 விநாடி நிறுத்தி, 3 விநாடியில் இறக்க வேண்டும். 12 தடவை வீதம் மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். ஒற்றைக்காலில் முடியாதவர்கள் இரு காலாலும் செய்யலாம். தினமும் செய்தாலோ, துள்ளித் துள்ளிச் செய்தாலோ வலி கூடும். தேறுவதற்கு மாதக்கணக்கில் ஆகும் என்பதையும் மறைக்காமல் எழுத வேண்டும். அந்தப் பொறுமை இல்லாமல் ஸ்டீராய்டு ஊசியை நாடுவோருக்கு நாண் அறுந்துபோகவும், குதிகாலின் கொழுப்பு மெத்தை மெலியவும் வாய்ப்புண்டு.

பெருவிரல் மூட்டு தேய்ந்து இறுகியவர்களுக்கு இந்தத் துண்டுப் பயிற்சி ஆகாது. செயற்கைப் புல்தரையில் ஆடி விரல் அளவுக்கு மீறி மேல்நோக்கி மடங்கியவர்களுக்கும் ஆகாது. 1976 முதல் 'டர்ஃப் டோ' எனப்படும் அந்தக் காயத்தில் மூட்டின் அடித்தசைநார்கள் கிழிகின்றன. அதற்கு விரல் மேலே மடங்காதபடி டேப் ஒட்டி, விறைப்பான அடித்தட்டுள்ள ஷூ போடுவதுதான் வழி. 'விரல் சுளுக்குதானே' என்று மறுநாளே ஓடவிடுவது ஆட்டக்காரருக்குச் செய்யும் தீங்கு.

வெந்நீர் விஷயத்துக்கு வருகிறேன். நீரிழிவால் பாதம் மரத்தவருக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகே தெரியும், அது புண்ணாகும். உணர்ச்சியைச் சோதிக்கக் கருவி வேண்டாம். அவர் கண்ணை மூடிக்கொள்ள, இன்னொருவர் இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சிறுவிரல் நுனிகளை ஆள்காட்டி விரலால் இறகு படுவதுபோல 1 அல்லது 2 விநாடி தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது. மொத்தம் ஆறு தொடுகை. இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் வெந்நீரும் வேண்டாம், வெறுங்கால் பயிற்சியும் வேண்டாம். முதலில் மருத்துவரிடம் பாதத்தைக் காட்ட வேண்டும். வெந்நீர்க் குறிப்பை இனி அச்சிடும்போது இந்த ஆறு தொடுகையையும் அதன் பக்கத்திலேயே சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இயன்முறை மருத்துவர் ஒருவர்