தீமிதியும் கைக்கடிகாரமும்

அணைக்கட்டு
வைகாசிக் கடைசி

அன்புள்ள வரதா,

நலம். நலமறிய ஆவல். பொங்கலுக்கு நான் போட்ட கடிதத்துக்கு இன்னும் உன் பதில் வரவில்லை, அதை விடு.

இங்கே திரௌபதியம்மன் கோயிலில் அக்னி வசந்த விழா முடிந்தது. காப்புக் கட்டியிருந்த என் பையன் செந்தில் படுகளத்தன்று சாயங்காலம் தீமிதித்தான். "உன் வீட்டிலுமா?" என்று நீ சிரிப்பது இங்கே கேட்கிறது. பெண் வாங்கிக் கொடுத்த, நாடித்துடிப்பு காட்டும் கைக்கடிகாரம் என் கையில் இருந்தது. கரகத்துக்குப் பின்னால் அவன் குழியில் இறங்கிய நேரம், ஓரமாகச் சும்மா நின்றிருந்த எனக்கு 140ஐத் தாண்டிக் காட்டியது. மலைக்கோயில் படி ஏறினாலும் அவ்வளவு வராது.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். ஸ்பெயினில் சான் பெத்ரோ மான்ரிக்கே என்று ஒரு சிற்றூர். ஜூன் 23 இரவு அங்கேயும் தீமிதிக்கிறார்கள், அதுவும் முதுகில் ஆளைச் சுமந்துகொண்டு! டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தார் மிதிப்பவர்களுக்கும் பார்ப்பவர்களுக்கும் இதயத் துடிப்பை அளக்கும் கருவி கட்டிவிட்டு, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். மிதிப்பவரின் துடிப்பு ஏறி இறங்கிய விதமாகவே அவருடைய உறவினர், நண்பர்களின் துடிப்பும் ஏறி இறங்கியிருக்கிறது. வேடிக்கை பார்க்க வந்த அயலாருக்கு அப்படி இல்லை. எல்லோரும் பார்த்தது ஒரே நெருப்பைத்தான். "பயத்தில் யாருக்கும்தான் படபடக்கும்" என்ற உன் வாதம் இங்கே நிற்காது.

ஸ்வீடனில் சேர்ந்து பாடுபவர்களை அளந்து 2013இல் முடிவை வெளியிட்டார்கள். மூச்சை இழுக்கும்போது இதயம் சற்று விரையும், விடும்போது தணியும். ஒரே இடத்தில் மூச்சு வாங்கிப் பாடுகிறவர்களின் இதயங்களும் அதனால் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன. ஊரே ஒரே மூச்சில் 'கோவிந்தா' போடும்போது யாராவது வந்து அளக்க வேண்டும். கூத்தின் பின்பாட்டுக்காரர்களை விட்டுவிடக் கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது. 1983இல் வெளியான ஆய்வுக்காக அமெரிக்காவில் லெவன்சன், காட்மன் என்ற உளவியலாளர் இருவர், கணவன் மனைவியை எதிரெதிரே உட்காரவைத்து, தங்களுக்குள் இருக்கும் சச்சரவைப் பேசச் சொல்லி உடம்பை அளந்தார்கள். இல்லறம் கசந்தவர்களின் உடம்புகள்தான் ஒன்றையொன்று அதிகம் தொடர்ந்தனவாம். சரஸ்வதியிடம் சொன்னேன். "அப்படியானால் நம் பொருத்தம் அமோகம்" என்று சொல்லிவிட்டுப் புளி கரைக்கப் போய்விட்டாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழிக்கு எதிர்ப்பக்கம் அண்ணன் நின்றிருந்தார். கிணற்றுப் பங்கு வழக்குக்குப் பிறகு என் வாசலை மிதிக்காதவர். செந்தில் இறங்கியதும் துண்டை வாயில் கவ்விக்கொண்டார். அவன் கரையேறிய பிறகுதான் எடுத்தார். கோர்ட்டில் எங்களுக்குள் ஓடுவது அமெரிக்கக் கணக்கு. அன்று ஓடியது ஸ்பெயின் கணக்கு என்றே நினைக்கிறேன்.

ஆடியில் வாய்தா. வக்கீல் பேசினால் அண்ணன் முறுக்கிக்கொள்வார். நான் போனால் கதவு திறக்காது. மாங்காய் விவகாரத்திலிருந்தே உன்மேல் அவருக்கு ஒரு பயம் உண்டு. வாய்தாவுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காட்பாடிக்கு ரயில் ஏறு. கிணறு அவர் பேரிலேயே இருக்கட்டும், வாரத்தில் இரண்டு நாள் என் நிலத்துக்குத் தண்ணீர் விட்டால் வழக்கை வாபஸ் வாங்கிவிடுகிறேன். ஆனால் நீ மூன்று நாளிலிருந்து ஆரம்பித்துப் பேசு.

அன்புடன்,
மணி