லோடு வந்த அன்றே எடை போடுங்கள்: ஆலை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பிளைவுட் ஆலை நிர்வாகத்தினருக்கு,

வணக்கமுங்க. ஐப்பசி மழையில் எங்கள் மலைவேம்பு லோடுகள் உங்கள் யார்டில் கிடந்த கதை உங்களுக்கே தெரியும். டோக்கன் கொடுத்து வெட்டச் சொன்னது நீங்கள். கொண்டுவந்ததும் மிஷின் ரிப்பேர், இறக்கி வையுங்கள் என்றதும் நீங்கள்தான். சேற்றின் மேலேயே இறக்கி, மேலே தார்ப்பாயைப் போட்டு மூடினார்கள். உள்ளே ஒரே புழுக்கம்.

வாரக்கணக்கில் கழித்து அளவெடுக்க வந்தவர் வெட்டுமுனையைச் சீவிப் பார்த்தார். விளிம்பிலிருந்து நடுவை நோக்கி வண்டிச் சக்கரத்து ஆரக்கால் போலக் கருநீலக் கோடுகள். "நீலம் பாஞ்சிருச்சுங்க, ரெண்டாம் தரந்தான்" என்று பில் எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்.

தோட்டத்தில் நின்றபோது அந்த மரத்தில் நீலம் இல்லை. வெட்டுமுனையிலும் பட்டை உரிந்த இடத்திலும் இந்த நீலத்தை உண்டாக்கும் பூஞ்சணம் நுழைந்து, பட்டைக்கு உள்பக்கம் இருக்கும் வெள்ளைக்கட்டையில் உள்ள மாவையும் சர்க்கரையையும் தின்று பரவுகிறது. இளமரத்தில் பெரும்பகுதி வெள்ளைதானே. ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே போனால் அது வளராது. மரம் தண்ணீரில் நன்றாக ஊறியிருந்தாலும் காற்றில்லாமல் வளராது. இரண்டுக்கும் நடுவில் புழுங்க விட்டால்தான் வளரும். உங்கள் தார்ப்பாய்க்குள் நடந்தது அதுதான். நீலம் பாய்ந்தால் பலம் பெரிதாகக் குறையாது, நிறம்தான் கெடும். அந்த நிறத்துக்காக எங்கள் விலையில் கை வைத்தீர்கள்.

நாங்கள் முதலில் கேட்பது இதுதான். லோடு வந்த அன்றே எடை போட்டுத் தரம் எழுதிவிடுங்கள். அதற்குப் பிறகு மரம் உங்கள் பொறுப்பு.

மரம் நடுங்கள் என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். கன்று கொடுக்கும்போது இருந்த அக்கறை அறுவடைக்கு வரும்போது யாரிடமும் இல்லை. மஞ்சளுக்கு ஈரோட்டில் விற்பனைக்கூடம், குடோன் எல்லாம் இருக்கிறது. எங்கள் மரம் மட்டும் சேற்றில் கிடக்க வேண்டுமா? சரி, அதை அரசாங்கத்திடம் கேட்டுக்கொள்கிறோம்.

மிஷின் நிற்கும் நாட்களில் மர உருளைகளைத் தரையில் போடாமல் குறுக்குக் கட்டைகள் மேல் அடுக்குங்கள். வெட்டுமுனைகளில் மெழுகு பூசி, இரவு பகலாகத் தண்ணீர் தெளியுங்கள். ஒரு மோட்டார், நாலு ஸ்பிரிங்ளர் போதும். சந்தேகம் இருந்தால் மேட்டுப்பாளையம் வனக்கல்லூரி பக்கத்தில்தான் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

லோடு வந்த அன்றே எடை. ஐப்பசி லோடுகளில் பிடித்த தொகையையும் திருப்பித் தந்துவிடுங்கள். அடுத்த டோக்கன் போடும் முன் பதில் சொல்லும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறோமுங்க.

இப்படிக்கு,
கோபி வட்டார மலைவேம்பு விவசாயிகள் சார்பில் ஒரு விவசாயி