ஹெட்போனுக்கு முன்பே ஆம்ப்ளிஃபயரா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்ய ஆசைப்படுகிறவர்களுக்காகத் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். மைக் பற்றிய பகுதி அருமை. ஆனால் ஹெட்போனுக்கு வந்ததும், 'கூடவே ஒரு ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரும் கட்டாயம்' என்று, ஹெட்போனுக்குப் போகும் ஒலியைப் பெருக்கும் அந்தப் பெட்டியைப் பற்றி ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர். ஏழு வருடத்துக்கு முன் வேறொருவர் சொன்ன இதே வரியை நம்பிப் பணத்தை விட்டவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

குழந்தைப் பாடல்கள் எழுதி, மெட்டுப் போட்டு, நானே பாடிப் பதிவு செய்கிறேன். பின்னறையில் போர்வைகள் அடுக்கிய அலமாரியைத் திறந்து வைத்து அதைப் பார்த்து உட்கார்ந்தால் அதுதான் என் ஸ்டுடியோ. முதலில் வாங்கியது 250 ஓம் (மின்தடையின் அளவு) ஹெட்போன், ஓப்பன் பேக் வகை. காதில் வைத்ததே தெரியாது, அவ்வளவு சுகம். ஆனால் மைக்கையும் ஹெட்போனையும் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸ் பெட்டியில் செருகி வால்யூமைக் கடைசி வரை திருகினாலும் என் குரல் பக்கத்து அறையிலிருந்து வருகிற மாதிரிதான் கேட்டது. "ஆம்ப் இல்லாமல் அப்படித்தான் இருக்கும்" என்றார் விற்றவர். சரி என்று அதையும் வாங்கினேன்.

இப்போது சத்தம் வந்தது. என் காதுக்கு மட்டுமா, மைக்குக்கும் சேர்த்துத்தான்! ஓப்பன் பேக் ஹெட்போனின் வெளிப்புறம் சல்லடை மாதிரித் திறந்திருக்கும். உள்ளே ஓடுவது வெளியிலும் கேட்கும். நான் தாளம் தப்பாமல் இருக்க ஓடவிட்ட மெட்ரோனோம், பாட்டின் ஒவ்வொரு இடைவெளியிலும் டிக் டிக் என்று பதிந்திருந்தது. பதிவு செய்த அன்று அதைக் கவனிக்கவில்லை. பிறகு கம்ப்ரெஸர் போட்டுச் சன்னமான இடங்களை மேலே தூக்கியபோதுதான், தாலாட்டுக்கு நடுவே கடிகாரம் ஓடுவது தெரிந்தது. நான்கு பாட்டுகளை முதலிலிருந்து மறுபடி பாடினேன்.

ஆக, பாடிப் பதிவு செய்ய முதலில் வேண்டியது காதை மூடி அடைக்கும் க்ளோஸ்டு பேக் ஹெட்போன். அடுத்து, பெட்டியில் பொடி எழுத்தில் இருக்கும் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். ஒன்று ஓம். இன்னொன்று, ஒரு மில்லிவாட்டுக்கு எத்தனை டெசிபல், அதாவது அவ்வளவு மின்சக்திக்கு எவ்வளவு சத்தம் என்பது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஏமாந்த பிறகு பென்சிலும் தாளுமாக உட்கார்ந்து நானே போட்டுப் பார்த்த கணக்கு இது. ஒரு மில்லிவாட்டுக்கு 96 டெசிபல் தரும் ஹெட்போன் 110 டெசிபல் உச்சத்தைத் தொட ஏறக்குறைய 25 மில்லிவாட் வேண்டும். ஹெட்போன் 250 ஓம் என்றால் அதற்கு 2.5 வோல்ட் தேவை. அதே திறனுள்ள 32 ஓம் ஹெட்போனுக்கு 0.9 வோல்ட் போதும். யுஎஸ்பி கம்பியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் சின்ன இன்டர்ஃபேஸ்கள் பலவும் முதலாவதற்குத் திணறும், இரண்டாவதை அலட்டிக்கொள்ளாமல் கொடுத்துவிடும். சிலர் மில்லிவாட்டுக்குப் பதிலாக வோல்ட்டுக்கு எத்தனை டெசிபல் என்று போடுவார்கள். அந்த எண்ணையும் இந்த எண்ணையும் நேராக ஒப்பிட்டுவிடக் கூடாது.

ஒரே பெயரில் வருவதெல்லாம் ஒன்றுதான் என்றும் நினைக்க வேண்டாம். பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ 32, 80, 250 என்று மூன்று ஓம்களில் கிடைக்கிறது. படத்தில் பார்த்தால் மூன்றும் அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். சிக்கனமாக வாங்க நினைப்பவர்களுக்கு ஆடியோ-டெக்னிகாவின் ஏடிஎச்-எம்20எக்ஸ் 47 ஓம், எம்40எக்ஸ் 35 ஓம். 1991இல் வந்து இன்றைக்கும் ஸ்டுடியோக்களில் தென்படும் சோனி எம்டிஆர்-7506, 63 ஓம். எல்லாமே க்ளோஸ்டு பேக். டிடி 770இன் 250 ஓம் வகையைத் தவிர மற்றவற்றுக்குத் தனி ஆம்ப் தேவையில்லை, இன்டர்ஃபேஸே போதும். நானாக இருந்தால், கம்பி கழற்றி மாட்டும்படி இருக்கிறதா, காதுப் பஞ்சு தனியாகக் கிடைக்கிறதா என்றும் பார்ப்பேன். முதலில் போவது இந்த இரண்டும்தான்.

அப்படியானால் ஆம்ப் வேண்டவே வேண்டாமா? வேண்டும், ஆட்கள் கூடினால். என் தங்கை சேர்ந்து பாட வரும்போது, அவள் மகன் கிதாரோடு வருவான். மூன்று பேருக்கும் கேட்க வேண்டும். ஆரம்பத்தில் ஒய் வடிவக் கம்பியால் ஒரே ஜாக்கிலிருந்து இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்தேன். ஒரே மாதிரி ஹெட்போன் இரண்டை அப்படிச் சேர்த்தால் இன்டர்ஃபேஸ் சந்திக்கும் ஓம் பாதியாகிவிடும். வேறு வேறு ஹெட்போன் என்றாலோ ஒருவருக்குக் காது கிழியும், மற்றவருக்கு ஒன்றுமே கேட்காது. வால்யூம் ஒன்றுதானே! பெரிங்கர் எச்ஏ400 மாதிரி நான்கு பேருக்குத் தனித்தனிக் குமிழ் இருக்கும் சின்னப் பெட்டி அந்தச் சண்டையைத் தீர்த்துவிடும். எந்த ஆம்ப் வாங்கினாலும் அதன் அவுட்புட் இம்பீடன்ஸ் (ஹெட்போன் செருகும் இடத்தில் ஆம்புக்கே உள்ள மின்தடை) ஹெட்போனின் ஓமில் எட்டில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது. 32 ஓமுக்கு 4 ஓம். அதற்கு மேலே போனால் சில ஹெட்போன்களில் கீழ்ச்சுருதி வீங்கிக் கேட்கும்.

ஆம்ப் வாங்கினால் குரல் தாமதமாகக் கேட்பது சரியாகிவிடும் என்றும் ஒரு பேச்சு உண்டு. தாமதம் வருவது கணினிக்குள் போய்த் திரும்புவதால். அதற்கு இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் என்ற பொத்தானை அழுத்தினால் போதும். ப்ளூடூத் ஹெட்போனை மட்டும் பதிவு நேரத்தில் தொடாதீர்கள்.

பாடும்போது சுருதிக்காக ஒரு காதை விலக்கிக்கொள்ளும் பழக்கம் எனக்கும் உண்டு. விலக்கிய கிண்ணத்தைத் தலையோடு அழுத்தி வையுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பக்கத்து ஒலியை அணைத்துவிடுங்கள். க்ளோஸ்டு பேக்காக இருந்தாலும் டிக் டிக் அந்த வழியாக வெளியே வந்துவிடும்.

இன்னொன்று, காது. வேலையிடத்துக்கு அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் பரிந்துரைக்கும் வரம்பு 85 டெசிபலில் 8 மணி நேரம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதி. 88இல் 4 மணி நேரம்தான். தேவைக்கு மேல் சக்தியுள்ள ஆம்பை வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க மிக்ஸிங் (பதிவானவற்றைச் சேர்த்துச் சமன்செய்யும் வேலை) செய்தால் இந்தக் கணக்கு எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். மறுநாள் காலையில் காதில் ரீங்காரம் கேட்டிருக்கிறது.

அந்த 250 ஓம் ஹெட்போனை நான் தூக்கிப் போடவில்லை. மிக்ஸிங்குக்கு அதுதான் இன்னமும் என் செல்லம். மைக் அணைந்திருக்கும் நேரத்தில் ஒலி கசிந்தால் என்ன?

கட்டுரையோடு வந்த அட்டவணையில் விலையும் நிறமும் இருந்தன. அடுத்த முறை நிறத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஓம், டெசிபல், மூடியதா திறந்ததா என்ற மூன்றையும் போடும்படி கட்டுரையாளரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
குழந்தைப் பாடல் பாடும் ஒரு வாசகி