அப்பா போனது 14 நிமிடம்

அன்பு மகளுக்கு,

காய்ச்சல் விட்டு நான்கு நாள் ஆகிறது. வாய்க்கசப்பு மட்டும் போகவில்லை. நார்த்தங்காய் ஊறுகாய் தயவில் கஞ்சி இறங்குகிறது. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அப்பாவுக்காக.

அன்று இரவு உன்னை அழைத்து, "மாத்திரை வாங்கப் போன மனுஷரை ஒரு மணிநேரமாகக் காணோம்" என்று அழுதேன் அல்லவா? நீ அவரைப் பிடி பிடியென்று பிடித்துவிட்டாய். அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. நேற்று மாத்திரை உறையைத் தூக்கி எறியப் போனேன், உள்ளே கடை ரசீது இருந்தது. நேரம் 7.41. அவர் படி இறங்கும்போது தொலைக்காட்சியில் ஏழரை மணிச் செய்தி தொடங்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உன்னை அழைத்தது 7.44 என்கிறது கைபேசி. ஆக, 14 நிமிடம்.

நான் பொய் சொல்லவில்லை, 103 டிகிரியில் படுத்திருந்தவளுக்கு அது ஒரு மணிநேரம்தான். முப்பது வருடம் இயற்பியல் நடத்தியவளுக்கு ஹோக்லண்டின் கதை அன்றைக்கே நினைவுக்கு வந்திருக்க வேண்டும். ஹட்சன் ஹோக்லண்ட், அமெரிக்க உடலியலாளர். அவர் மனைவிக்கும் இதே போலக் கடுங்காய்ச்சல். அவரும் மருந்துக் கடைக்குப் போய் இருபது நிமிடத்தில் திரும்பினார். அந்த அம்மாளும் வெகுநேரம் தன்னைத் தனியே விட்டுவிட்டதாகச் சாதித்தாள். நம் வீட்டுக் கதையேதான். அவர் சண்டை போடாமல் கடிகாரத்தை எடுத்து, நொடிக்கு ஒன்றாக அறுபது வரை எண்ணச் சொன்னார். காய்ச்சல் உச்சத்தில் இருந்தபோது நாற்பது நொடி ஆவதற்குள் அவள் எண்ணி முடித்துவிட்டாள். உடம்பு சூடேறினால் உள்ளே வேதிமாற்றங்கள் வேகம் பிடிக்கும், மூளையில் இருக்கும் ஏதோ ஒரு கடிகாரமும் சேர்ந்து ஓடும் என்று 1933-இல் எழுதினார். உள்கடிகாரம் ஓடினால் சுவர்க் கடிகாரம் நொண்டத்தானே செய்யும்? (காய்ச்சலில் கிடக்கும் பெண்டாட்டியை எண்ணச் சொன்ன ஆளை என்ன சொல்வது! அப்பா அந்த நேரத்தில் ரசம் வைத்தார்.)

இதோடு பழைய கணக்கு ஒன்றும் இருக்கிறது. உனக்கு ஆறு வயது. திருவாரூர் ஆழித்தேர் அன்று கூட்டத்தில் என் கையை விட்டுவிட்டாய். அரை மணிநேரம் தேடினேன் என்று நான் சொல்வேன், ஐந்து நிமிடம் என்பார் அப்பா. பங்குனி வெயிலில் உன் கையிலிருந்த குச்சி ஐஸ் பாதிகூடக் கரையவில்லை என்பது அவருடைய சாட்சி. எனக்கோ தேர்வடத்தின் நார் வாசனை, முட்டுக்கட்டை போட்டவரின் சட்டையில் அறுந்திருந்த பொத்தான், சங்குச் சத்தம் எல்லாம் இன்றும் அப்படியே இருக்கின்றன.

டேவிட் ஈகிள்மன் என்ற அமெரிக்க மூளை ஆய்வாளரின் குழுவினர் ஆட்களை 31 மீட்டர் உயரத்திலிருந்து மல்லாக்க வலையில் விழ வைத்துப் பார்த்தார்கள். 2007-இல் அந்த முடிவு வெளிவந்தது. மற்றவர் விழுந்ததைவிடத் தாம் விழுந்த நேரத்தை மூன்றில் ஒரு பங்குக்குமேல் நீட்டிச் சொன்னார்கள். ஆனால் மணிக்கட்டில் கட்டியிருந்த சிறு திரையில் வேகமாக மாறிக்கொண்டிருந்த எண்களை வழக்கத்தைவிடத் தெளிவாக அவர்களால் படிக்க முடியவில்லை. பயத்தில் பார்வை ஒன்றும் கூர்மையாகிவிடவில்லை. நினைவுதான் வழக்கத்தைவிட நெருக்கமாக எழுதிக்கொள்கிறது, திரும்பப் படிக்கும்போது அத்தனை பக்கமும் நேரமாகத் தெரிகிறது என்பது அவர்கள் சொல்லும் விளக்கம். அறுந்த பொத்தானுக்கு எனக்கு விடை கிடைத்துவிட்டது. அதற்காகத் தேர் விஷயத்தில் ஐந்து நிமிடம் என்று ஒப்புக்கொள்ளப் போவதில்லை. உனக்கும் ஒரு பிள்ளை பிறந்து, கூட்டத்தில் அது கையை விடட்டும், பிறகு பேசலாம்.

மாத்திரை விஷயத்தில் மட்டும் தோற்றேன். ரசீதை அவரிடம் காட்டினேன். "வழியில் ரயில்வே கேட் வேறு போட்டிருந்தான்" என்று மட்டும் சொன்னார்.

இந்த வாரம் அவருக்கு ஒரு தடவை தனியாக போன் செய். மன்னிப்பு அது இது என்று ஆரம்பிக்காதே, கூச்சப்படுவார். ரசம் எப்படி வைத்தீர்கள் என்று கேள், போதும். விவரமாகச் சொல்வார், கொஞ்சம் நேரம் எடுக்கும்.

அம்மா