'சும்மா' ஓவியத்துக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்பு நெஞ்சங்களுக்கு வணக்கம்.

ஐந்தடிக்கு நான்கடி கேன்வாஸ். ஒரு பெண் கட்டிலில் மல்லாந்து படுத்து, இரண்டு கால்களையும் சுவரில் தூக்கிப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிச் சிரிக்கிறாள். அறையில் வேறு யாரும் இல்லை. இதை வரைந்து முடிக்க எனக்கு 11 மாதம் ஆனது. கண்காட்சி முடிந்து படம் வீடு திரும்பியிருக்கிறது. இனியும் நன்றி சொல்லாமல் இருந்தால் தகாது.

முதலில், மாடலாக இருந்த என் தோழிக்கு. இருபது நிமிடத்தில் உனக்குக் கால் மரத்துப்போகும். இறக்கி உதறிவிட்டு மறுபடி தூக்கி வைப்பாய். அதைவிடப் பெரிது நீ சொன்ன ஒரு வார்த்தை. முகம் முடிந்துவிட்டது என்று நான் நிம்மதியாக இருந்தபோது எழுந்து வந்து பார்த்தாய். "இது போட்டோவுக்குச் சிரிக்கிற சிரிப்புடி" என்றாய். உண்மைதான். உதட்டின் இரண்டு ஓரத்தையும் ஒரே அளவில் தூக்கியிருந்தேன். பார்க்கிறவர்களுக்குப் பிடிக்க வேண்டுமே என்ற பயம் என் கையில் இருந்திருக்கிறது. பெயின்ட் ஈரமாகவே இருந்ததால் கத்தியால் வழித்து எடுத்தேன். இப்போது இருக்கும் வாய் கோணல்தான். இடது ஓரம் மட்டும் ஏறியிருக்கிறது, கீழுதடு பல்லில் லேசாக மாட்டியிருக்கிறது. படத்திலேயே எனக்கு மிகப் பிடித்த இடம் அது.

1865இல் பாரிஸ் சலோன் என்ற பெரிய ஓவியக் கண்காட்சியில் பிரெஞ்சு ஓவியர் மானேயின் 'ஒலிம்பியா' படத்தை வைத்தபோது, படுத்திருந்தவள் பார்ப்பவர்களை நேருக்கு நேர் பார்த்தது பலருக்குப் பொறுக்கவில்லை. அதற்கு மாடலாக இருந்த விக்டோரின் மெரான் பிறகு தானே ஓவியரானார். 1876இல் அதே சலோன் அவர் படத்தை ஏற்றது, மானேயின் படங்களைத் திருப்பி அனுப்பியது. அப்படியும் நெடுங்காலம் அவரை வெறும் மாடலாகத்தான் பேசினார்கள். அதனால்தான் சுவர் அட்டையில் என் பெயருக்குப் பக்கத்தில் உன் பெயரும் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். சம்மதித்ததற்கு நன்றி.

டீச்சருக்கு. பாதியில் தைரியம் போய், அவள் மேல் ஒரு போர்வையை வரையப் போன நாளில், பிரெஞ்சுப் பெண் ஓவியர் சூசன் வலடோனின் 'நீல அறை' படத்தை என் முன் வைத்தீர்கள். 1923இல் வரைந்தது. கோடு போட்ட கால்சட்டை, வாயில் சிகரெட், கட்டிலில் புத்தகங்கள். அந்தப் பெண் யாருக்காகவும் வயிற்றை எக்கிக்கொள்ளவில்லை. வலடோன் இளவயதில் ஓவியர் ரெனுவாருக்கு மாடலாக இருந்தவர். சாய்ந்து கிடப்பவளுக்கு முதுகு எங்கே வலிக்கும் என்பது அவருக்குத் தெரியும். நான் போர்வையை விட்டுவிட்டேன்.

என் படத்தை முதலில் ஏற்றுக்கொண்ட ஓர் ஓவியக் கூடம், 'ஓய்வு' என்று தலைப்பு வைக்கச் சொன்னது. வேலை முடித்துக் களைத்தவள் என்று ஒரு வரி சேர்த்தால் யாரும் குறை சொல்லமாட்டார்களாம். இரண்டு ராத்திரி நானும் தடுமாறினேன். ஞாயிறுதோறும் என் மகனைப் பார்த்துக்கொண்ட அக்காதான் போனில் தீர்த்து வைத்தாள்: "அவ ஏன் சிரிக்கிறான்னு கேட்டா, சும்மான்னு சொல்லு." தலைப்பு கிடைத்தது. அக்கா, ஞாயிறுகளுக்கும் சேர்த்து நன்றி.

அங்கிருந்து படத்தை எடுத்துக்கொண்டேன். பிறகு அதை மூலையில் ஒதுக்காமல், திரை போடாமல், வாசலுக்கு நேர் எதிரே மாட்டிய கண்காட்சித் தோழர்களுக்கு என் வணக்கம். ஈரக்காற்றில் துணி தொய்ந்தபோதெல்லாம் ஓடி வந்து, சட்டத்தின் நாலு மூலையிலும் ஆப்பைத் தட்டி இறுக்கிக் கொடுத்த தச்சர் அண்ணனுக்கும்.

கடைசி நாளில் ஒரு வயதான அம்மா வெகுநேரம் நின்று பார்த்தார். பிறகு மகளிடம், "கால் எவ்வளவு லேசா இருக்கும் பாரு" என்றார். அம்மா, உங்கள் பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டேன். இந்த மடல் உங்களுக்கும்தான்.

ஆயில் பெயின்ட் உள்வரை காயாமல் வார்னிஷ் பூச முடியாது. இன்னும் ஆறு மாதமாவது ஆகும். பூசுகிற அன்று எல்லோரும் வந்துவிடுங்கள்.