செயலாளர் ஆண்டறிக்கை: மைக்கேல் ஜாக்சன் பாடல் தரவரிசை

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சென்ற பொதுக்குழு நம்மிடம் ஒப்படைத்த மைக்கேல் ஜாக்சன் பாடல் தரவரிசைக்கே ஆண்டின் பெரும்பகுதி போனது. இவ்வறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியதே.

சிறந்த பாட்டு எது, காலம் கடந்து நிற்கும் பாட்டு எது என்ற இரண்டு கேள்விகளையும் ஒரே சீட்டில் கேட்டால் விடை குழம்பிவிடும். எனவே சீட்டும் இரண்டு, பட்டியலும் இரண்டு.

மைக்கேல் தன் சகோதரர்களோடு பாடிய ஜாக்சன் 5 குழுவின் பாடல்களைச் சேர்க்கவில்லை. 1970-இல் மட்டும் அவற்றில் நான்கு அமெரிக்காவின் வாராந்தரப் பாடல் பட்டியலில் முதலிடம் பிடித்தன. அவற்றுக்குத் தனி வரிசைதான் நியாயம். பீட்டில்ஸ் குழுவில் இருந்த பால் மெக்கார்ட்னியின் ஆல்பத்தில் வந்த 'சே சே சே' பற்றித்தான் நீண்ட வாதம். அதைச் சேர்த்தால் ஜாக்சனின் தனிக்கணக்கில் முதலிடப் பாடல்கள் 13, விட்டால் 12. இருவரும் சேர்ந்து எழுதிப் பாடியது என்பதால் சேர்த்துக்கொண்டோம்.

ஒருவருக்குப் பத்துப் பாடல்கள்; முதலிடத்துக்கு 10 புள்ளி, பத்தாவதற்கு 1. இதில் ஒரு ஓட்டை உண்டு. பிடித்த மூன்றை மட்டும் எழுதி மற்ற இடங்களைக் காலியாக விட்டால் போட்டிப் பாடல்களுக்குப் புள்ளியே போகாது. முதல் சுற்றில் அப்படிப்பட்ட சீட்டுகள் வந்ததால், பத்தும் நிரப்பாத சீட்டு செல்லாது என்று விதியைத் திருத்தி மறுபடி எடுத்தோம். முதல் இரண்டு இடங்களுக்கு மட்டும் கூடுதல் சோதனை: எத்தனை சீட்டுகளில் ஒன்று மற்றதற்கு மேலே இருக்கிறது என்று நேருக்கு நேர் எண்ணினோம்.

கேட்கும் முறையிலும் கவனம் தேவைப்பட்டது. பிற்கால மறுபதிப்புகள் பல, பழைய இசைத்தட்டைவிடச் சத்தம் கூட்டிப் பதிவானவை. சத்தம் கூடுதலாக இருப்பதே காதுக்கு நன்றாகத் தோன்றும். ஆகவே ஒவ்வொரு பாட்டுக்கும் ஒலியளவைச் சமப்படுத்திய பிறகே போட்டோம்.

சிறந்த பாட்டு வரிசையில் 'பில்லி ஜீன்' முதலிடம். அதன் தொடக்கத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டோம். முதலில் என்டுகு சான்சலரின் டிரம்ஸ் தனியாக, பிறகு பேஸ் கிட்டார், அதன்மேல் சின்தசைசர். குரல் வர ஏறக்குறைய அரை நிமிடம் ஆகிறது. முன்னிசை நீளம் என்று தயாரிப்பாளர் குவின்சி ஜோன்ஸ் குறைக்கச் சொல்லியும், ஆடத் தூண்டுவது இதுதான் என்று ஜாக்சன் விட்டுக்கொடுக்கவில்லை. ஒலிப்பதிவாளர் புரூஸ் ஸ்வீடியன் பதிவான ஒலிகளை 91 முறை கலவை செய்து, கடைசியில் இரண்டாவது கலவையையே வெளியிட்டார்கள். ஒவ்வொரு ஒலிக்கும் அதில் தனி இடம் இருப்பது சாதாரண ஒலிபெருக்கியிலேயே தெரிகிறது.

நிலைத்த புகழ் வரிசைதான் கடினம். வெளிவந்தபோது எட்டிய இடத்தை வைத்து அளப்பது தவறு என்பது நம் முடிவு. 'த்ரில்லர்' ஆல்பத்திலிருந்து முதலில் வந்த 'தி கேர்ள் இஸ் மைன்' அமெரிக்கப் பட்டியலில் 2-ஆம் இடம் பிடித்தது. ஏழாவதாக, கடைசியாக வந்த 'த்ரில்லர்' பாட்டு 4-ஐத் தாண்டவில்லை. இன்று அக்டோபர் வந்தாலே, பேய் வேடமிட்டுக் கொண்டாடும் ஹாலோவீனையொட்டி ஒலிப்பது 'த்ரில்லர்'தான். 'எர்த் சாங்' பிரிட்டனில் 1995 டிசம்பரில் தொடங்கி ஆறு வாரம் முதலிடத்தில் இருந்தது. அமெரிக்காவில் அது தனிப்பாடலாக விற்பனைக்கே வரவில்லை. கடையில் விற்காத பாட்டைப் பட்டியலில் சேர்க்காதது அங்கே அன்றைய விதி. அந்தப் பட்டியலை மட்டும் பார்ப்பவர் அப்படியொரு பாட்டு இருந்ததையே அறியமாட்டார்.

எனவே இந்த வரிசைக்கு, வெளிவந்து பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் மேடையில், நடனத்தில், பிறர் பாடலில் எடுத்தாளப்படுகிறதா என்பதையே அளவாகக் கொண்டோம். இதில் 'த்ரில்லர்' முதலிடம். 'ஹியூமன் நேச்சர்' இன்னும் மேலே வந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து; பதிவுக்காகக் குறிப்பிடுகிறேன்.

ஜாக்சன் 5 பாடல்களுக்கான தனி வரிசையை வரும் ஆண்டு எடுத்துக்கொள்ளவும், பத்தும் நிரப்ப வேண்டும் என்ற விதியை நிரந்தரமாக்கவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

செயலாளர்