கடைக்கு வந்த சீட்டு

மதுரை,
ஞாயிறு இரவு

அன்புள்ள வள்ளி,

மூன்று மாதமாக உன் போனை நான் எடுக்கவில்லை. நீ திட்டியிருப்பாய், திட்டு. போனில் சொன்னால் பாதியிலேயே குறுக்கே பேசுவாய், நானும் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, உன் ஊர்ப்பக்கத்து அல்வாவை மட்டும் இன்னும் மறக்கவில்லை. சின்னவன் பத்தாவது வந்துவிட்டான். ஹாஸ்டல் ரசம் கதையை அவனுக்கு ஏன்டி சொன்னாய்? தினமும் சாப்பாட்டு நேரத்தில் அதையே கேட்கிறான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வருஷக் கடைசியில் ஒரு அரசு ஆஸ்பத்திரி டெண்டரில் கலந்துகொண்டேன். எந்த ஆஸ்பத்திரி என்று உனக்குத் தெரியும், இங்கே எழுதவில்லை. அரசு மருத்துவப் பணிகள் கழகத்துக் குடோனிலிருந்து பாஸ்புக்கில் (ஆஸ்பத்திரிக்கு ஒதுக்கிய தொகைக் கணக்கில்) வருவது போக, அவர்களே வாங்கிக்கொள்ளும் சாமான்கள்: ஐ.வி. செட் (டிரிப் ஏற்றும் குழாய்), கையுறை, சிரிஞ்ச், பஞ்சு. அதோடு கீழே இருக்கும் ஆறு ஆஸ்பத்திரிகளுக்கு வேனில் கொண்டுபோய் இறக்கும் வேலையும் சேர்த்து ஒரு வருஷத்துக்கு. அப்பா காலத்திலிருந்து நாங்கள் செய்கிற தொழில்தானே. விலையையும் ஒட்ட நறுக்கித்தான் போட்டிருந்தேன்.

விலைக் கவரைப் பிரிக்கவே இல்லை, வள்ளி. அதற்கு முன்னால் தகுதியைப் பார்க்கும் டெக்னிக்கல் கவரிலேயே தள்ளிவிட்டார்கள். ஆடிட்டர் கொடுத்த விற்றுமுதல் சான்றிதழில் இரண்டாம் பக்கத்தில் யு.டி.ஐ.என். எண் (ஆடிட்டர் சான்றிதழை அடையாளம் காட்டும் எண்) இல்லையாம். முதல் பக்கத்தில் இருக்கிறது, இரண்டாம் பக்கம் அதன் தொடர்ச்சிதான். அதைக்கூட விட்டுவிடுவேன். டெண்டர் கிடைத்தவருடைய சான்றிதழிலும் அதே குறை இருந்தது! கவர் பிரிக்கும்போது எல்லோரும் உட்கார்ந்திருந்தோம், நான் என் கண்ணால் பார்த்தேன். அவருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?

1998-ஆம் வருஷத்து டெண்டர் வெளிப்படைச் சட்டம் நம் மாநிலத்தில் இருக்கிறது. அதில் 11-ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவர் 10 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம், அதை 15 நாளில் முடித்துவைக்க வேண்டும் என்கிறது. எட்டாம் நாளே மனுவைக் கொடுத்தேன். 15 நாள் போனது, ஒரு மாதம் போனது, பதில் இல்லை. வக்கீல் அண்ணன் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டார். நீதிமன்றம் யாருக்கு டெண்டர் என்று தீர்மானிக்காது, தீர்மானித்த விதம் சரியா என்று மட்டும்தான் பார்க்கும், 1994-இல் டாடா செல்லுலார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான் இன்றைக்கும் அடிப்படை என்று விளக்கினார். எனக்கு அதுவே போதும் என்றேன். இடைக்காலத் தடை கிடைத்தது. அன்றைக்கு மீனாட்சி கோயிலுக்குப் போய் நெய் விளக்கு ஏற்றினேன்.

தடை என்றால் என்ன என்று எனக்கு அப்போது தெரியவில்லை. புது ஆள் சப்ளை செய்யக்கூடாது, பழைய ஒப்பந்தமும் முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரி அவ்வப்போது கொட்டேஷன் வாங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கியது. வந்தது போதவில்லை.

போன மாதம் ஒரு ராத்திரி, பதினோரு மணி இருக்கும், நம் வேன் ஓட்டும் பாண்டி வீட்டுக் கதவைத் தட்டினான். அவன் பெண்டாட்டியை அதே ஆஸ்பத்திரியில் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தான். கையில் ஒரு சீட்டு. ஐ.வி. செட் இரண்டு, வென்ஃப்ளான் (நரம்பில் செருகும் ஊசிக்குழாய்) ஒன்று, கையுறை நான்கு ஜோடி. "உள்ளே ஸ்டாக் இல்லையாம்க்கா, வெளியே வாங்கிட்டு வரச் சொன்னாங்க" என்றான். கடையைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். பணத்தை நீட்டினான். வழக்கு நடப்பது அவனுக்குத் தெரியும், கோர்ட்டுக்கு என்னை வேனில் கூட்டிப்போனவனே அவன்தான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம். அந்தச் சீட்டு இன்னும் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா, நீ வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஏதோ ஒரு கம்பெனி ஸ்டே வாங்கியதால் உன் ஆஸ்பத்திரி ஸ்டோரில் சாமான் இல்லை, நோயாளிகள் உன்னிடம் வந்து கத்துகிறார்கள் என்று பொரிந்து தள்ளினாய். அந்தக் கம்பெனிக்கும் நியாயம் இருக்கும் என்று நான் உன்னோடு மல்லுக்கு நின்றேன். இரண்டு வாரம் நாம் பேசவில்லை. அன்றைக்கு உன் ஜன்னலுக்கு வெளியே நின்றவர்களை நான் நினைக்கவே இல்லை, வள்ளி.

மறுநாள் வக்கீல் அண்ணனிடம் தடையை எடுத்துவிடச் சொன்னேன். தடை போனால் வழக்கின் உயிரே போய்விடும், தீர்ப்பு வருவதற்குள் ஒப்பந்த வருஷம் முடிந்துவிடும் என்றார். அது உண்மைதான். எல்லா டெண்டர் வழக்கிலும் சிக்கல் இதுதான். தடை இருந்தால் நோயாளிக்குக் கஷ்டம், தடை இல்லாவிட்டால் ஜெயித்தும் கையில் ஒன்றும் இருக்காது. 2022-இல் ஜார்க்கண்ட் சாலை ஒப்பந்த வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், தவறு நடந்திருந்தாலும் வேலையை நிறுத்தாமல், தள்ளப்பட்டவரை நஷ்ட ஈடு கேட்கச் சொல்லலாம் என்றது. அது சாலைக்குச் சொன்னது. பிரசவ வார்டுக்கு இன்னும் எவ்வளவு பொருந்தும்! ஆனால் நஷ்ட ஈடு வாங்க இன்னொரு வழக்கு, இன்னும் சில வருஷம். மூன்று வேன் வைத்திருப்பவளால் அது முடியுமா? 15 நாள் என்று எழுதியதை 15 நாளில் செய்திருந்தால் இந்தத் தடையே வேண்டியிருக்காது. எனக்கு ஆத்திரம் எல்லாம் அதில்தான்.

கழகத்தில் குறைந்த விலை போட்டவரோடு, அதே விலைக்கு ஒத்துக்கொள்ளும் இன்னொருவரையும் வைத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு என்று நீதானே சொன்னாய்? ஒருவர் நின்றால் இன்னொருவர் கொடுப்பார். உள்ளூர் டெண்டரிலும் அப்படிச் செய்தால் என்ன? மனுவில் அதையும் ஒரு பத்தியாகச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

போன வியாழக்கிழமை நாங்களே கேட்டுத் தடையைத் தளர்த்த வைத்தோம். இறுதித் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டு, டெண்டர் கிடைத்தவர் சப்ளை செய்யலாம். வழக்கை நான் விடவில்லை, விடவும் மாட்டேன். அப்பா ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. சாயங்காலம் காபியை வாங்கிக்கொண்டு, "பாண்டி பிள்ளைக்கு என்ன பேர் வைச்சிருக்கான்?" என்று மட்டும் கேட்டார்.

உன்னிடம் ஒரு உதவி. ஒரு மாத இன்டென்ட் (சாமான் கேட்டு அனுப்பும் பட்டியல்) தள்ளிப்போனால் ஒரு ஸ்டோரில் எந்தெந்தச் சாமான் முதலில் தீரும், எத்தனை நாளில் தீரும் என்று உன் அனுபவத்தில் எழுதி அனுப்பு. உன் ஆஸ்பத்திரிக் கணக்கு வேண்டாம், பொதுவாகச் சொன்னால் போதும். அடுத்த வாய்தா 18-ஆம் தேதி, அதற்கு முன்னால் வேண்டும். போனையும் போடு. இனி முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன்.

உன்,
செல்வி

பி.கு.: குழந்தைக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. பாண்டி என்னிடம் கேட்டிருக்கிறான். உன் பேரைச் சொல்லட்டுமா?